உமி இல்லாத வாரத்துப் பால் ஐஸ்

3.5.1973

அன்புள்ள ஹமீதா,

முதலில் கதவைச் சாத்திக்கொள். இதை யாருக்கும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் அத்தாவுக்கும் வேண்டாம், அம்மாவுக்கும் வேண்டாம். யாராவது கேட்டால், செவ்வந்தி பழைய சரித்திரப் புத்தகம் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று சொல். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் ஊர்ச் செய்தி பேப்பரில் வந்தது, பார்த்திருப்பாய். மாரியம்மன் தேர் அன்று ஐஸ் வாங்கித் தின்ற பிள்ளைகளுக்கு வாந்திபேதி. ஊர் வண்டிகள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கே ஓடின. கீழத்தெரு வைரக்கண்ணு செத்துப்போனான். ஆறு வயதுப் பையன். அவன் தின்றது எங்கள் கம்பெனி ஐஸ். பெட்டியில் அப்பா பெயர்தான் இருந்தது.

அதற்கு மேல் பேப்பரில் போட்டிருப்பது பொய். தங்கையன் ஐஸில் வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் கலந்தார் என்று போட்டிருக்கிறார்கள். தங்கையனை உனக்குத் தெரியும். நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் ஐஸ் கொட்டகையில் உடைந்த ஐஸ்களைத் தாமரை இலையில் வைத்துத் தருவாரே, அவர்தான். பால் ஐஸ்தான் உடம்புக்குத் தெம்பு என்று நான் சண்டை போடுவேன். தயிர் ஐஸ்தான் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று நீ விடமாட்டாய். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டையும் தின்னுட்டு ரெண்டு பேரும் கணக்குல பெயிலாவுங்க" என்பார். எங்கள் வீட்டில் அவரை 'வந்தான், போனான்' என்றுதான் சொல்வார்கள். உனக்கு எழுதும்போது எனக்கு அப்படி எழுத வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மாசியிலிருந்து சங்கத்தார் கூலி உயர்வு கேட்டு வேலைக்கு வரவில்லை. தங்கையனும் அவர்களோடு நின்றுவிட்டார். அரிசி ஆலையும் மூடிக்கிடக்கிறது. ஆலை ஓடாவிட்டால் உமி கிடையாது. ஐஸ் கொட்டகையில் பால் காய்ச்சுவது உமி அடுப்பில்தான். தேர் வாரத்தில் ஒரு மூட்டை உமிதான் மிச்சம் இருந்தது. கை பம்பிலும் தண்ணீர் இல்லை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிங்காரவேலு மாமா, அம்மாவின் தம்பி, வழி சொன்னார்.

"தயிர் உறையணும்னா பாலைக் காய்ச்சித்தான் ஆவணும், அதுக்கு உமியை வச்சுக்குங்க அத்தான். பால் ஐஸுக்கு எதுக்குக் காய்ச்சணும்? பவுடரைக் கரைச்சு ஊத்துங்க. ஐஸா உறைஞ்சா எந்தப் பூச்சிதான் பொழைக்கும்?"

குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். குளத்தில் தண்ணீர் அடியில்தான் கிடக்கிறது, மாடும் மனிதரும் குளிப்பது அதில்தான். வேட்டித் துணியில் வடிகட்டினார்கள். ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டுக் கலக்கச் சொன்னார்கள். நான்தான் கலக்கினேன். பவுடரும் சர்க்கரையும் ரோஸ் கலரும் போட்டேன். அந்த வாரம் முழுவதும் பால் ஐஸ் அப்படித்தான் போனது.

தேருக்கு முதல் நாள் சாயங்காலம் தங்கையன் தன் தூக்குச் சட்டியை எடுத்துப்போக வந்தார். வேலையை விட்டு நின்றபோது வைத்துவிட்டுப் போனது. நானே எடுத்து வந்து கொல்லை வாசலில் கொடுத்தேன். அவர் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. வைரக்கண்ணு செத்த மறுநாள், சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "தேருக்கு மொத நாளு தங்கையன்கூட வந்தானே" என்று நான் சொன்னேன். மாமா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். அன்று ராத்திரியே தங்கையனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டது.

இதற்குள் வயல் விவகாரமும் இருக்கிறது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அப்பா ஆற்றங்கரை வயலைத் தங்கையன் பேருக்கு மாற்றி வைத்தார். பேருக்குத்தான் அது, விளைச்சல் எங்களுக்கு. இப்போது சங்கத்தில், "பட்டா உன் பேருல இருக்கு, நீயே உழு" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் வரப்பில் கொடியை நட்டுக் கோடை உழவு ஓட்டிவிட்டார். அவர் உள்ளே இருந்தால் வயலை எழுதி வாங்கிவிடலாம் என்று மாமா சொல்வது என் காதில் விழுந்தது.

என்னை மன்னார்குடி கோர்ட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள். தங்கையன் ஐஸ் தொட்டியில் எதையோ ஊற்றியதைப் பார்த்தேன் என்று நான் சொல்லவேண்டும். அதுவரை வெளியே விடமாட்டார்கள். மாடியில் நெல் மூட்டை அடுக்கும் அறையில் இருக்கிறேன். பால் கறக்க வரும் அம்சம் அக்கா மட்டும் மேலே வருகிறது. இதை அதன் முந்தானையில்தான் அனுப்புகிறேன். பதிலை அம்சம் பேருக்கே போடு.

ஹமீதா, நான் என்ன செய்வது?

செவ்வந்தி

9.5.1973
முத்துப்பேட்டை

செவ்வந்திக்கு,

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு உனக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பத்தாம் வகுப்பில் புதுத் தோழி கிடைத்திருப்பாள் என்று நினைத்து அழுதேன், அப்புறம் திட்டினேன், அப்புறம் மறந்தேன். இப்போது வீட்டில் பூட்டிவைத்தார்கள் என்றதும் என் ஞாபகம் வந்ததாக்கும். நானும் ஒரு வருஷமாக வீட்டுக்குள்தான் இருக்கிறேன். எனக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். வாசல்வரை போனால், "வயசுப் புள்ளைக்கு வாசல்ல என்ன ஜோலி?" என்று அம்மாவின் குரல் வந்துவிடும்.

இதை எழுதியாகிவிட்டது. இனி உன்மேல் கோபம் இல்லை.

உன் கடிதத்தை நான் எரிக்கவில்லை. அடுப்படியில் எப்போதும் அம்மா இருக்கிறது, எப்படி எரிப்பேன்? தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். பயப்படாதே.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பெரியத்தா மகள் ஜன்னத் பீவிக்குக் கல்யாணம் நடந்தது. விருந்து அன்று உங்கள் ஊர்த் தேருக்கு முதல் நாள் பகல். விருந்துக்கு ஐஸ் எங்கள் கடை வழியாக உங்கள் கம்பெனியிலிருந்துதான் வந்தது. அத்தா இரண்டு மரப்பெட்டி சொல்லியிருந்தார், ஒன்றில் பால் ஐஸ், ஒன்றில் தயிர் ஐஸ். முதல் நாளே ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டது.

உசத்தியானது பந்தலுக்குப் போவதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். பால் ஐஸ் முழுவதும் ஆண்கள் பக்கம் போய்விட்டது. உள்ளே இருந்த எங்களுக்குத் தயிர் ஐஸ். "பால் வத்திப்போச்சா, எங்களுக்கு மட்டும் புளிச்சதா?" என்று பெண்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் தின்றார்கள். அன்று ராத்திரி பந்தலில் சாப்பிட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு வயிறு போய்விட்டது. மாப்பிள்ளையே செம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். என் மச்சி ஒருத்தி, மாமி மகள், "நல்லதையெல்லாம் பந்தல்ல குடுத்தீங்கல்ல, நல்லா போவுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உள்ளே ஒருத்திக்கும் ஒன்றும் இல்லை. நெய்ச்சோறும் கறியும் இரண்டு பக்கத்துக்கும் அதே தேக்சா அண்டாக்களில் ஆக்கியது. ஐஸ் மட்டும்தான் வேறு.

அன்றைக்கு நானும் சிரித்தேன். தயிர் ஐஸ்தான் நல்லது என்று நான் சொன்னதை இப்போதாவது செவ்வந்தி ஒப்புக்கொள்வாளா என்றுகூட நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. இதில் தயிருக்கும் பாலுக்கும் என்ன வழக்கு? ஒன்றைக் காய்ச்சினீர்கள், ஒன்றைக் காய்ச்சவில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் சண்டை போட்டபோது இரண்டையுமே தங்கையன் காய்ச்சித்தான் ஊற்றினார். அதனால் இரண்டும் நல்லதாக இருந்தது.

இப்போது யோசித்துப் பார். எங்கள் விருந்துக்கு வந்த ஐஸ் உங்கள் ஊரைவிட்டுக் கிளம்பியது தங்கையன் தூக்குச் சட்டி எடுக்க வந்ததற்கு முதல் நாள். அவர் வருவதற்கு முன்பே அந்த ஐஸ் கெட்டிருந்தது. பூச்சி மருந்து கலந்தார் என்றால் முத்துப்பேட்டை மாப்பிள்ளைக்கு எப்படி வயிறு போகும்? இதைக் கோர்ட்டில் சொன்னால் அவரை விட்டுவிட மாட்டார்களா?

அத்தாவிடம் சொல்லட்டுமா? அவருக்குத்தான் எந்தப் பெட்டி என்றைக்கு வந்தது என்று தெரியும். நீ சரி என்றால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வாயைத் திறக்கமாட்டேன்.

உன்
ஹமீதா

13.5.1973

அன்புள்ள ஹமீதா,

உன் மூன்று கடிதமும் எனக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் தபாலை மாமாதான் வாங்குவார். நான்தான் உன்மேல் கோபமாக இருந்தேன். எத்தனை மாதம் வீணாகப் போயிருக்கிறது பார்.

அத்தாவிடம் சொல்லாதே. காலில் விழுகிறேன். அவர் பெரியவர், கடைத்தெருவில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்வார், அது பஸ் ஏறி இங்கே வந்துவிடும். நான் கலக்கியது உனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று மாமா தினமும் சொல்கிறார்.

சாயங்காலமானால் மாமா மேலே வந்து ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொள்கிறார். என்னை நிற்க வைத்துக் கேட்கிறார்.

"அவன் எங்க நின்னான்?"

"கொல்லை வாசல்ல."

"இல்ல. தொட்டிகிட்ட."

"தொட்டிகிட்ட."

"கையில என்ன வச்சிருந்தான்?"

"தூக்குச் சட்டி."

"ஆங். தூக்குச் சட்டி. அதுல என்ன இருந்துச்சு? அதைச் சொல்லு."

காலிச் சட்டி, ஹமீதா. துருப்பிடித்து மூடிகூட இல்லாமல் கிடந்தது. என் கையால் கொடுத்த சட்டி. அதையே அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டார். நான் அழுதால் மாமா கோபப்படுவதில்லை, சிரிக்கிறார். "அழு அழு. கோர்ட்டுலயும் இப்படி அழுதியன்னா நல்லா நம்புவாங்க" என்கிறார். நேற்று நான் சொல்ல மாட்டேன் என்று வாயைத் திறந்துவிட்டேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"அன்னிக்கு யாரு கலக்குனா? நானா, உங்கப்பாவா? உன் கையி. அவன் உள்ள போவணும், இல்லாட்டி நீ போவணும். ஜெயில்ல பொம்பளப் புள்ளைக்குத் தனி ரூமு கெடையாது, தெரியுமில்ல?"

அப்பா அப்படிப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அப்பா எனக்குப் பதினோராம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி வந்து கொடுத்தார். கும்பகோணத்தில் ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்றார். "இது ஒண்ணை மட்டும் சொல்லிடும்மா. அப்புறம் நீ படிக்கிறவரைக்கும் படி. எவனையும் கல்யாணப் பேச்சு பேச விடமாட்டேன்." அப்பா எதற்காகவும் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. புத்தகங்களைத் திறந்து புது வாசனையை முகர்ந்தேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், ஒரு ராத்திரி முழுவதும் சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன்.

கம்பெனியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். வாசலில் புதுப் போர்டு மாட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகத் தெரிகிறது. 'உடல் நலத்துக்கு உகந்தது தயிர் ஐஸ்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். பால் ஐஸ் போடுவதே இல்லை. தங்கையன் விஷம் வைத்தார் என்றால் அவரைத்தான் பிடித்தாகிவிட்டதே, பால் ஐஸை ஏன் நிறுத்தவேண்டும்? அப்பாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். தெரிந்துதான் போர்டு எழுதியிருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் இப்போது, பால் சூடு, கோடையில் பிள்ளைகளுக்கு ஆகாது, தயிர்தான் ஏற்றது என்று பேசிக்கொள்கிறார்களாம். வைரக்கண்ணு அம்மா அம்சம் அக்காவிடம், "சளி புடிக்கும்னு தயிர் ஐஸை வேண்டாம்னு நான்தான் பால் ஐஸு வாங்கிக் குடுத்தேன்" என்று மண்ணில் விழுந்து அழுததாம்.

இன்னொன்று கேட்கவேண்டும். தேர் அன்று காலையில் முத்துப்பேட்டை பஸ்ஸில் காலிப் பெட்டிகள் சீக்கிரமே வந்துவிட்டன. எப்போதும் சாயங்காலம்தான் வரும். கண்டக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா முகம் மாறியது. பிறகுதான் தேர் வடம் பிடித்தார்கள், ஐஸ் வண்டிகளும் போயின. உன் அத்தா ஏதாவது சொல்லி அனுப்பினாரா? கேட்காமல் தெரிந்துகொள்ள முடிந்தால் தெரிந்துகொள். கேட்காதே.

செவ்வந்தி

18.5.1973
முத்துப்பேட்டை

செவ்வந்தி,

கோபப்படு. இந்தக் கடிதத்தைக் கிழித்தும் போடு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

அத்தாவிடம் காட்டிவிட்டேன். உன் இரண்டு கடிதத்தையும். கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் உங்கள் கம்பெனிப் பெட்டியை யாராவது தொட்டாலே, "அதை ஓரமா வை, ஓரமா வை" என்று எரிந்து விழுகிறார். ராத்திரி தொழுது முடித்துப் பாயிலேயே உட்கார்ந்திருந்தபோது கொண்டுபோய் மடியில் வைத்துவிட்டேன்.

படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அத்தா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டு அவரே அழுதார்.

நீ நினைத்தது சரிதான். விருந்து ராத்திரி பந்தல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோதே அத்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடியற்காலை முதல் பஸ்ஸில் பெட்டிகளைத் திருப்பி அனுப்பி, "பால் ஐஸ் கெட்டுப்போயிருக்கு, யாருக்கும் குடுக்காதீங்க" என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். தேர் கிளம்புமுன் உன் அப்பாவுக்கு அது தெரியும்.

இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உனக்குப் படிக்க எப்படி இருக்கும் என்று தெரியும்.

"இதைப் போய் சொல்லுங்கத்தா" என்றேன்.

"யாருகிட்ட? என்னான்னு? ஐஸை வித்தது நானு. மொதல்ல என் கடையைத்தான் பூட்டுவாங்க. அங்கே நெலச் சண்டை நடக்குது, ரெண்டு பக்கமும் அருவாளோட நிக்கிறாங்க. நடுவுல பாய் எதுக்கு வந்தான்னு கேப்பாங்க."

"அப்ப தங்கையன்?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொண்ணு மொதல்ல சொல்லட்டும். அவங்க வூட்டுப் பொண்ணே சொல்லிடுச்சுன்னா நான் போயி பஸ்ஸு, பெட்டி, கண்டக்டரு எல்லாத்தையும் சொல்றேன். கண்டக்டரையும் கூட்டிட்டுப் போறேன். ஆனா மொத ஆளா நான் போவ மாட்டேம்மா. முடியாது."

என் அத்தா கோழை என்று நினைப்பாய். நானும் அன்று ராத்திரி அப்படித்தான் நினைத்தேன். காலையில் அவர் கடை திறக்கும்போது சாவித் துவாரம் தெரியாமல் தடவினார். அதைப் பார்த்த பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

உனக்கு நான் உபதேசம் செய்யமாட்டேன். எனக்கு யாராவது பதினோராம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. மாமா ஜெயில் என்று சொல்வது மட்டும் வெறும் மிரட்டல். பெரியவர்கள் சொல்லிக் கலக்கிய சிறு பெண்ணை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அத்தா உறுதியாகச் சொன்னார். உன் அப்பாவைப் பற்றி நான் கேட்டேன். அவர் எழுந்து பாயைச் சுருட்டி வைத்தார்.

கோர்ட்டுக்கு என்றைக்குப் போகிறாய் என்று எழுது. கடிதத்தைப் பஸ் கண்டக்டரிடம் கொடுக்கும்படி அம்சம் அக்காவிடம் சொல். முத்துப்பேட்டைக்கு முதல் பஸ்ஸில் வருபவர் அத்தாவுக்குப் பழக்கம், அவர்தான் அன்றைக்கும் அங்கே சேதி கொண்டுபோனவர். தபாலைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

வாக்குத் தவறிய
ஹமீதா

21.5.1973

ஹமீதா,

நாளைக்குத்தான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மன்னார்குடி கோர்ட்டில் ஆஜராகவேண்டும். விடிந்ததும் அம்சம் அக்கா பால் கறக்க வரும், இதை முதல் பஸ்ஸில் கொடுத்துவிடும்.

உன்மேல் நிறையக் கோபம் வந்தது. இனி உனக்கு எழுதவே கூடாது என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே, அப்படி இருக்காது, உன் அத்தா பயத்தில் கதை சொல்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால் இன்று சாயங்காலம் அப்பாவையே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. ஆனால் கேட்காமல் நாளைக்கு எப்படி அவர் முகத்துக்கு எதிரே நிற்பது?

அப்பா எனக்குத் தட்டில் சோறு கொண்டுவந்தார். கோர்ட்டுக்குக் கட்டிக்கொள்ள ஒரு புதுத் தாவணியும் கொண்டுவந்தார்.

"தேர் அன்னிக்கு முத்துப்பேட்டையிலேருந்து சொல்லி அனுப்பினாங்களாப்பா?"

அப்பா தட்டைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கண்டக்டரு உங்ககிட்ட பேசினதை ஜன்னல்லேருந்து பாத்தேன். அதான் கேக்குறேன்."

அப்பா மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். கொட்டகையில் மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது.

"வடம் புடிக்கப் போற நேரம்மா. வண்டியெல்லாம் நிரப்பி நின்னுச்சு. எல்லாத்தையும் கொட்டுங்கடான்னு அப்ப சொன்னா, ஊரு முன்னாடி என்ன ஆவும்? அந்த சங்கத்துக்காரனுங்க முன்னாடி? கல்யாண வூட்டுல கறிச்சோறு தின்னு வவுறு கெட்டிருக்கும்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வைரக்கண்ணு செத்ததுக்கு நான் அழலைன்னு நெனைக்கிறியா?"

அழுதிருப்பார். எனக்குத் தெரியும். அதற்காக நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அப்ப தங்கையனை விட்டுடச் சொல்லுங்கப்பா. தப்பா சொல்லிட்டோம்னு சொல்லுங்க."

"வுட்டுட்டா? அடுத்தாப்புல என்னைத்தான் கேப்பாங்க. நெலமும் போவும், நானும் போவேன். நீயும் உங்கம்மாளும் எங்க போவீங்க?" தட்டை என் பக்கம் தள்ளி, "அவன் வெளியே வந்தப்புறம் அவன் குடும்பத்துக்கு நான் செய்வேன். வுட்டுட மாட்டேன்" என்றார். செய்யாத ஒரு காரியத்துக்காக ஒருவரை ஜெயிலில் போட்டுவிட்டு, அவர் பிள்ளைகளுக்கு இவர் என்ன செய்வார்? நான் அதைக் கேட்கவில்லை. அப்பா எழுந்து என் தலையைத் தொட்டார், வெளியே போனார். தினமும் வெளியில் தாழ்ப்பாள் போடுகிறவர் மாமாதான். இன்றைக்கு அப்பாவே போட்டார்.

பிறகு கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. "முத்துப்பேட்டை" என்று மாமா சொன்னது தெளிவாகக் கேட்டது. "இந்தப் பொண்ணுக்கு யாருகிட்டேருந்தோ சேதி வருது" என்றார். உன் கடிதங்களைச் சுருட்டி மூட்டைத் தையலுக்குள் செருகிவிட்டேன். இதை எழுதும்போது விளக்கைத் தாவணியால் மறைத்து வைத்திருக்கிறேன்.

பிறகு சோறு கொடுக்க அம்மா வந்தது. நான் அப்பாவின் தட்டைத் தொடவில்லை என்று அப்பாதான் அனுப்பியிருக்கிறார். அம்மா இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊட்டிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னது. "பார்த்ததைச் சொல்லு. பார்க்காததைச் சொல்லாதே. ஆனா சொன்னப்புறம் இந்த வூடு உனக்கு வூடா இருக்காது. எனக்கும் இருக்காது. அதையும் தெரிஞ்சுகிட்டு சொல்லு." கடைசிக் கவளத்தை ஊட்டி வாயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது.

தெரிந்துகொண்டேன். எனக்கு அப்பாவைப் பிடிக்கும், ஹமீதா. மாமாவாக மட்டும் இருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

நாளைக்கு நான் சொல்லப்போவதை எழுதிவிடுகிறேன். என்னை வழியில் திருப்பிவிட்டாலும், பேசவிடாமல் செய்துவிட்டாலும், இது உன் அத்தா கையில் இருக்கட்டும். இதைக் காட்டலாம். யார் கேட்டாலும் காட்டலாம்.

இராஜாங்கம் மகள் செவ்வந்தி சொல்வது. தேர் வாரத்தில் உமி இல்லாததால் பால் ஐஸுக்குப் பாலைக் காய்ச்சவில்லை. குளத்துத் தண்ணீரில் பவுடரைக் கரைத்தோம். மாமா சொல்லி நான் கலக்கினேன். தயிருக்கு மட்டும் பாலைக் காய்ச்சினார்கள். தங்கையன் வந்தது தேருக்கு முதல் நாள் சாயங்காலம். அவர் கொல்லை வாசலிலேயே நின்றார். சட்டி காலியாக இருந்தது. நான்தான் கொடுத்தேன். அவர் கொட்டகைக்குள் வரவில்லை. எதையும் ஊற்றவில்லை. அவர் வருவதற்கு முன்பே அனுப்பிய ஐஸைத் தின்றவர்களுக்கும் முத்துப்பேட்டையில் வாந்திபேதி வந்தது. தேர் கிளம்புமுன் அது எங்கள் வீட்டில் தெரியும்.

இப்படிக்கு, இரா. செவ்வந்தி.

அத்தாவிடம் சொல். முதலில் சொல்கிற ஆள் நான்தான். அவர் கேட்டபடி சொல்லிவிட்டேன். நான் மட்டும் சொன்னால், 'சின்னப் பொண்ணு, பயத்துல உளறுது' என்று மாமா சொல்லி என்னை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதற்குள் இன்னொரு குரல் அங்கே கேட்கவேண்டும். முத்துப்பேட்டையிலிருந்து காலைப் பஸ் ஏறினால் பகலுக்குள் மன்னார்குடி வந்துவிடலாம். கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல். கோர்ட்டு வாசலில் ஒரு பெரிய வேப்பமரம் இருக்கிறதாம். நான் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவர் அதன் கீழே நின்றால் போதும். பேசக்கூட வேண்டாம், அவர் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் குரல் வந்துவிடும். நீயும் வர முடியுமா? உன்னை விடமாட்டார்கள். தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். வந்தால்

படிக்கட்டில் யாரோ வருகிறார்கள். அம்சம் அக்கா வருகிற நேரம் இல்லை இது. அப்பாவும் மாமாவும் தட்டமாட்டார்கள், வெளியில் தாழ்ப்பாள், அவர்கள் நேராகத் திறப்பார்கள். மெதுவாகத் தட்டுகிறார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகி